வேலை போகவில்லை, விட்டார்

செய்தி எங்கள் வீட்டுக்குத் தேவாலய உபதேசியாரின் சைக்கிளில் வந்தது. பங்குச் சாமியார் வீட்டுத் தொலைபேசிக்குப் பெங்களூரிலிருந்து அழைத்திருந்தார்கள். ஸ்டெல்லா அத்தை அங்கே மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்தார். அம்மா துணைக்குப் போயிருந்தார். அப்பா தேவகோட்டைப் பள்ளியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. உபதேசியார் சைக்கிளைவிட்டு இறங்காமல், "அப்பா வந்ததும் சாமியாரப் பாக்கச் சொல்லும்மா" என்றார். "அத்தைக்கா?" என்று கேட்டேன். அவர் சைக்கிள் மணியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரிவில் இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, முழுநேரமாக எம்.பி.ஏ. படிக்கப் பெங்களூர் போனார். இதை நம் ஊரில் உங்களில் பலர் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலையை விட்ட கையோடு அத்தை ஊருக்கு வந்தபோது அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"எத்தன நாள் லீவு?"

"லீவு இல்லண்ணே. வேலைய விட்டுட்டேன். படிக்கப் போறேன்."

சிவப்புப் பேனா நின்றது. "நிப்பாட்டிட்டாகளா?"

"அவுக இருக்கத்தான் சொன்னாக. நாந்தான் விட்டேன்."

"யாரும் கேட்டா லீவுன்னே சொல்லு" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த தாளை எடுத்தார்.

ஆனால் நம் ஊரில் எது மறைகிறது? அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருவதற்குள் எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தா ஸ்டெல்லா, வேலை போயிருச்சாமே? கவலப்படாத. எங்க கொழுந்தன் மில்லுல இருக்காரு, சொல்லி வைக்கிறேன்."

"போகலக்கா. நாந்தான் விட்டேன்."

"அதான், அதான். வெளிய அப்படித்தான் சொல்லணும்!"

வீடு வரும்வரை அத்தை சிரித்துக்கொண்டே வந்தார். அதன் பிறகு வந்த நாட்களில் கடையில், பேருந்தில், ஜெபக்கூட்டத்தில் என்று அதே கேள்வி வந்துகொண்டே இருந்தது. பதில் மாறவில்லை. சிரிப்புதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது.

மாடியில் துணி காயப்போடும்போது நானும் கேட்டுவிட்டேன். "எதுக்கு விட்டீக அத்தை?"

"புதுசா வர்ற ஆளுகளுக்கு நாந்தான் எல்லாம் சொல்லிக் குடுப்பேன். கொஞ்ச நாள்ல அவுகளே எனக்கு மேலதிகாரியாயிருவாக. கேட்டா, 'அவுக எம்.பி.ஏ.'ம்பாக. எனக்கு மேல உக்கார்றவுகளுக்கு நானே நாற்காலியத் தொடச்சுக் குடுத்து அலுத்துப்போச்சு புள்ள."

முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர் பாதி நேரம் தூங்கினார். புத்தகத்தின்மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கி, முகத்தில் அட்டையின் கோடு பதிந்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கருப்பு. "கூடப் படிக்கிற பயலுக என்னைய ஆன்ட்டிங்கிறானுக" என்றார். "அவனுக ஒருக்கா வாசிச்சா வெளங்குது. எனக்கு மூணு தடவ வேண்டியிருக்கு."

பார்க்கப் பாவமாக இருந்தது. "வேலையிலயே இருந்திருக்கலாமோ அத்தை?"

அவர் கன்னத்துக் கோட்டைத் தடவிக்கொண்டார். "அங்க பட்டது கம்பெனி குடுத்த அலுப்பு. படுத்தாத் தூக்கம் வராது. இது நானா இழுத்துக்கிட்ட அலுப்பு. பாரு, எப்படித் தூங்குறேன்."

அடக்கத்தன்று காலை, பேருந்து நிலையத்திலிருந்து கோயில்வரை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே அத்தையின் பெயர். அதற்குக் கீழே, அவர் விட்டுவிட்டு வந்த கம்பெனியும் அங்கே பார்த்த பதவியும். அச்சகத்தில் எழுதிக் கொடுத்தவர் அப்பாதான்.

"அது தப்புப்பா" என்றேன்.

"தெரியும்த்தா. படிச்சான்னு போட்டா, வேலவெட்டி இல்லாமக் கெடந்த புள்ளன்னு பேசுவாக. போற நேரத்துலயாவது மரியாதையாப் போகட்டும்."

அவர் கண்கள் வீங்கியிருந்தன. நானும் அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தேன். அந்தச் சுவரொட்டிகள் இன்னும் இருக்கின்றன, கீழ் ஓரங்களை ஆடு கடித்த நிலையில்.

போன வாரம் அத்தை இறந்த முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி. கோயிலின் கடைசி வரிசையில் நாலைந்து இளைஞர்கள் கசங்கிய சட்டையோடு நின்றார்கள். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தே வந்தவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. வெளியே வந்ததும் ஜெசிந்தா அக்கா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பயலுக யாரு சார்? அந்தக் கம்பெனிக்காரவுகளா?"

அப்பா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவன் அத்தையின் சுவரொட்டிக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கம்பெனிக்காரவுக எதுக்கு வரணும்? எந்தங்கச்சியோட படிக்கிற புள்ளைக. அவ படிச்சுக்கிட்டு இருந்தா."

"வேலை போயிருச்சுன்னு..."

"போகல. அவளாத்தான் விட்டா."

ஜெசிந்தா அக்கா இந்த முறை "அதான், அதான்" என்று சொல்லவில்லை. அப்பா அந்தப் பையன்களைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அத்தையின் புத்தகங்களை அவர்களிடமே கொடுத்துவிட்டோம். நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்விதான். சோர்ந்து உட்காரும்போதெல்லாம், இது யார் கொடுத்த அலுப்பு என்று கேட்டுப் பார்க்கிறேன். பல நாள் பதில் தெரிவதில்லை. இதை எழுதி முடித்ததில் வந்திருக்கும் இந்த அலுப்பு மட்டும் என்னுடையது.