ஆழம் பூஜ்யம்

நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் நடந்தது. ஷாரோன் சொன்னபடியே எழுதுகிறேன். தன் பெயரை மாற்ற வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

குற்றாலத்தில் சாரல் விடாமல் விழுந்த ஜூலை மாதம். தென்காசியில் ஒரு கல்லூரி ஆய்வகம். பிசினில் கண்ணாடிப் பொடியைத் தாறுமாறாகக் கலந்து வார்த்த ஒரு வில்லை; பத்து மில்லிமீட்டர் கனம். அதற்குள் லேசர் ஒளி எப்படியெல்லாம் சிதறிப் போகிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் ஷாரோனின் ஆராய்ச்சி. கேமராவில் விழும் வெளிச்சம் எந்த ஆழத்திலிருந்து கிளம்பியது என்பதையும் அந்தக் கணக்கு சொல்லிவிடும்.

கணக்கை உருவாக்கியவன் அவளோடு வேலை பார்த்த ஜெனோ. எட்டு மாதத்துக்கு முன் பண்பொழி சாலையில் பைக் விபத்தில் போய்விட்டான். செத்தவன் கேட்கவா போகிறான் என்று, அந்தக் கணக்கைப் பற்றி ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் ஷாரோன் தன் பெயரை மட்டும் போட்டாள்.

அன்று பிற்பகல் 3.36. ஜெனோவின் தங்கை முத்துசெல்வி போனில் வந்தாள்.

"அக்கா, அண்ணன் பேரு புஸ்தகத்துல வந்துட்டா? அம்மை கேட்டுக்கிட்டே இருக்கா."

"வரும்ட்டி... வரும்."

போனை வைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. வேலை ஓடவில்லை. லேசரை அணைத்தாள்.

3.41. கேமராவில் வெளிச்சம் அப்படியே இருந்தது.

லேசரின் வயரைப் பிடுங்கினாள். ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். வெளிச்சம் போகவில்லை. கணக்கை ஓட்டிப் பார்த்தாள்.

ஆழம்: எட்டு மில்லிமீட்டர்.

வில்லைக்கு உள்ளே... எது எரிகிறது?

3.44. ஆறு.

டக்... டக்... நகத்தால் தட்டுவதுபோல்.

3.46. மூன்று.

ஒன்று...

டக்.

பூஜ்யம்.

பின்கழுத்தில் ஈர மூச்சு. அவள் திரும்பவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அவள் தலையைக் குனிய வைத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஜெனோ... தப்புதாம்லே. உன் பேரப் போட்டுருதேன். இப்பமே."

வெளிச்சம் அணைந்தது.

3.53-க்கு ஆய்விதழுக்கு உண்மையை எழுதி அனுப்பினாள். கணக்கு ஜெனோவுடையது, அவன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று.

மறுநாள் ஆசிரியரின் பதில் வந்தது. 'உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எதை ஏற்பது?'

முதல் கடிதம் 3.48-க்கு, அவள் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே போயிருந்தது. முகத்தை மூடிக்கொண்டு நின்ற நேரம். அதில் ஒரே வரி: 'என் பெயரை எடுத்துவிடுங்கள், ஜெனோ பெயர் மட்டும் போதும்.'

தான் அதை எழுதவில்லை என்று சொல்ல ஷாரோனுக்கு மனம் கூசியது.

'முதல் கடிதத்தை' என்று பதில் போட்டாள்.