சுவர்ப் பக்கம் இருந்த முப்பது டிகிரி

நம் சபையில் சாட்சி சொன்னவர்களில் நோய் தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள், விபத்தில் தப்பியவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் அப்படிப் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஐந்து மார்க் கணக்கு ஒன்றுக்காக நான் அழுது ஜெபித்தேன், ஆண்டவர் கேட்டார். அவ்வளவுதான். சிரிப்பு வந்தால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இது நடந்தபோது அபிராமபுரத்தில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா போய்ப் பல வருஷமாகியிருந்தது. 1996 கோடையில் பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்த தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். காலையில் பதினைந்து பேப்பர், மத்தியானம் பதினைந்து. மின்விசிறி சுற்றும், காற்று மட்டும் வராது. சிவப்பு மை விரலில் பிசுபிசுக்கும்.

அந்த வருஷம் முக்கோணவியலில் ஒரு கணக்கு. கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகைப் பார்க்கிறார்கள், விளக்கத்தின் உயரம் இவ்வளவு, இறக்கக் கோணம் அறுபது டிகிரி, படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இறக்கக் கோணத்தைப் படுக்கைக் கோட்டிலிருந்து கீழே அளக்க வேண்டும். பிள்ளைகள் அதைக் கலங்கரை விளக்கத்தின் சுவரிலிருந்து அளந்து, சுவர்ப் பக்கம் அறுபது என்று போட்டுவிடும். வருஷா வருஷம் இதே தப்பு. வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியும் போகாத தப்பு. அன்று மத்தியானம் மட்டும் ஒன்பது பேர் அப்படிப் போட்டிருந்தார்கள். ஆறாவது ஆளுக்குப் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. சுவர்ப் பக்கம் கோணத்தைக் கண்டாலே படத்தின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு பூஜ்யம், அடுத்த பக்கம்.

சாயங்காலம் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மனசு எங்கேயோ இருந்தது. திடீரென்று நான் அடித்த படங்களில் ஒன்று அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. சுவர்ப் பக்கம் கோணம் இருந்தது சரி. ஆனால் அதில் எழுதியிருந்தது அறுபது இல்லை. முப்பது.

கணக்குத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படுக்கைக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே தொண்ணூறு. அதில் மேலே அறுபது போனால் சுவர்ப் பக்கம் மிஞ்சுவது முப்பது. அந்தப் பிள்ளை தப்புப் பண்ணவில்லை. மற்றவர்கள் போகாத வழியில் போய்ச் சரியாகச் செய்திருந்தது. நான் எண்ணைப் படிக்காமலே அடித்துவிட்டேன். மொத்த மார்க் முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ, முப்பத்தைந்துக்குக் கீழே என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அடியில் மொத்தம் போடும்போது ஐயோ பாவம் என்றுகூட நினைத்தேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி தாவீது 1975-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினான். கணக்கு நல்லா எழுதியிருக்கேன் என்றுதான் வீட்டில் சொன்னான். ரிசல்ட் வந்த செய்தித்தாளில் அவன் நம்பர் இல்லை. அப்பா திட்டவில்லை. யாருமே திட்டவில்லை. தப்பாக அச்சாகியிருக்கும், பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான். மூன்றாம் நாள் திருவான்மியூர்க் கடற்கரைக்கு அப்பா போய் அடையாளம் காட்டினார். மார்க் ஷீட் பிறகு வந்தது. கணக்கில் முப்பத்தொன்று. நாலு மார்க் பற்றவில்லை. அந்த நாலு மார்க்குக்காகத்தான் நான் கணக்கு படித்தேன், அதற்காகத்தான் டீச்சர் ஆனேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். "என் பிள்ளை பேப்பரைத் திருத்தினவனை நீரே கேளும், ஆண்டவரே." அந்த ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் தப்பாகத்தான் திருத்தினாரா என்பதும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது. இருபத்தோரு வருஷம் ஒரு நாள் தவறாமல் அந்த வரிக்கு நான் ஆமென் சொல்லியிருக்கிறேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

அன்றும் விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அந்த வரி வந்தது. எனக்கு வாய் வரவில்லை.

"ஏண்டி, ஆமென் சொல்லல?" என்றாள் அம்மா.

தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். அம்மா கேட்ட ஆள் இத்தனை நாள் எங்கேயோ இருந்தான். இன்று அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். நான்தான் அது.

படுக்கையில் விழுந்து ஜெபித்தேன். அழகான ஜெபமெல்லாம் இல்லை. ஆண்டவரோடு சண்டை போட்டேன் என்றே சொல்லலாம். என் தம்பிக்குத்தான் நீர் ஒன்றும் செய்யவில்லை, இந்தப் பிள்ளைக்காவது செய்யும் என்றேன். அந்தப் பேப்பர் இருந்த கட்டு முகாமை விட்டுப் போகக் கூடாது என்றேன். போயிருக்கும் என்று எனக்கே தெரியும். திருத்திய கட்டுகளைச் சரிபார்த்து, சாயங்காலமே மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். போனால் போனதுதான். பேப்பரில் பெயர் கிடையாது, வெறும் ரகசிய எண்தான். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

மறுநாள் முகாம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். கடைநிலை ஊழியர் முனுசாமி, ரிட்டயராகப் போகிற மனுஷர், சாவிக்கொத்தோடு வந்தவர் என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், மூஞ்சி இப்டி கீது? ஒடம்பு சரியில்லியா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் தலைமைத் தேர்வாளர் அடையாறிலிருந்து வருபவர். கறார்ப் பேர்வழி. மார்க் கூட்டலில் ஒரு தப்பு வந்தாலும் எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தம்பி கதையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லி இரக்கம் வாங்க மனசு வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்றைய கட்டெல்லாம் போய்விட்டது என்றார். இங்கே இருந்திருந்தாலும் முகாம் அதிகாரியிடம் எழுத்து மூலம் கொடுத்தால்தான் திறக்க முடியும், கொடுத்தால் மெமோ வரும், அடுத்த வருஷம் திருத்தக் கூப்பிட மாட்டார்கள், பள்ளிக்கும் தெரியும் என்றார். யாரும் கண்டுபிடிக்காத தப்பை நீங்களாக வந்து ஏன் சொல்கிறீர்கள் என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"வரட்டும் சார், எழுதித் தர்றேன்," என்றேன்.

கட்டு இல்லாத இடத்தில் கடிதம் எதற்கு? எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் எழுதினேன். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது, ஜன்னலைத் திறந்துகொண்டிருந்த முனுசாமி திரும்பினார்.

"சார், டீச்சரு கட்டு போவல சார். மேல் தாள்ல கையெய்த்து இல்லன்னு நேத்து தனியா எட்த்து வச்சிட்டாங்க. பீரோ மேலதான் கீது."

அதற்கு முன் பதின்மூன்று வருஷம் திருத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட கட்டின் மேல் தாளில் கையெழுத்துப் போட மறந்ததில்லை. அன்று அத்தனை பேர் கட்டும் போய்விட்டது, என்னுடையது ஒன்றுதான் தூசியோடு பீரோ மேல் கிடந்தது. இதை யார் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். என் கையைப் பிடித்து நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

முகாம் அதிகாரி முன்னால் கட்டைப் பிரித்தோம். பதினோராவது பேப்பர். உருண்டை உருண்டையான கையெழுத்து. கலங்கரை விளக்கத்துக்கு ஜன்னல் வேறு வரைந்திருந்தது அந்தப் பிள்ளை. படகுக்குப் பாய்மரம். சுவர்ப் பக்கம் முப்பது, அதன் அருகே சின்னதாக 90 – 60. கீழே டேன் முப்பது போட்டு, விடையைச் சுற்றி ஒரு கட்டம். சரியான விடை. படகின் குறுக்கே என் சிவப்புக் கோடு.

தலைமைத் தேர்வாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "என் கையில வந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன், டீச்சர்."

முப்பத்திரண்டு முப்பத்தேழு ஆனது. நான் கையெழுத்துப் போட்டேன், பக்கத்தில் அவர் போட்டார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளை பிழைத்ததற்கு அழுதேனா, தாவீதுக்காக இப்படி ஒருத்தரும் காலையில் வந்து வாசலில் நிற்கவில்லையே என்று அழுதேனா, இன்று வரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீயும் அவனை மாதிரிதானா?" என்றாள். ஆமாம்மா என்றேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சாப்பிட வரவில்லை. நாலைந்து நாள் வீட்டில் குடும்ப ஜெபமே நடக்கவில்லை. அவரவர் மூலையில் அவரவர் முணுமுணுத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு சாயங்காலம் அவளாகவே பாயை விரித்து என்னைக் கூப்பிட்டாள். வழக்கமான வேண்டுதல்கள் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த வரி வரும் இடத்தில் நிறுத்தினாள். மூச்சு மட்டும் கேட்டது.

"என் பிள்ளை பேப்பரைத் திருத்தினவர் உசுரோட இருந்தா, அவருக்குச் சுகத்தைக் கொடும், ஆண்டவரே. அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

இரண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தம்பி போன அன்று அழாத அழுகையை எல்லாம் அவள் அன்று அழுதாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் இருந்தாள். அந்த ஒரு வருஷமும் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி திருத்தக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் கடைசி வரி வரை படிக்காமல் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பதில்லை. மெதுவாகத் திருத்துகிறேன் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

என் அன்புச் சகோதர சகோதரிகளே, தாவீதுக்கு ஏன் அந்த நாலு மார்க் கிடைக்கவில்லை என்று இன்றும் ஆண்டவரிடம் கேட்கிறேன். பதில் வரவில்லை. பதில் வராத இந்த மனசோடுதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன். உங்கள் கையால் யாருக்காவது ஒரு தப்பு நடந்திருந்தால், காலம் கடந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து போய்ச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே போய் நிற்கும் வரை ஆண்டவர் அதைப் பிடித்துவைத்திருப்பார் என்று நம்புங்கள்.

அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ரிசல்ட் வந்த அன்று, நம்பர் இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பிப் போயிருக்கும். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும்.