பனங்கொட்டைக்கு விட்ட கை

1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி. விடியும்வரை தூறிவிட்டு நின்றிருந்தது; காற்று அசையவில்லை. ஒலக்கூர்ப் பக்கத்தில் நான் பள்ளி ஆசிரியராக இருந்த ஊரில், என் மனைவியின் அண்ணன் கொட்டகையில், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்கி வளர்க்க விட்டிருந்த சிவப்புப் பசு அடித்தொண்டையில் கத்திக்கொண்டு நின்றது. வாயிலிருந்து கோழை கயிறுபோல் தொங்கியது. தீனி எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆவணி மாதம் ஒரு மாடு இப்படி நின்றால் யாரும் இரண்டாவது காரணம் தேடமாட்டார்கள். பனம்பழம் உதிரும் காலம். மாடு பழத்தைத் தின்று கொட்டையைத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒருவர் வாயைப் பிளந்து பிடிக்க, இன்னொருவர் கையை விட்டு எடுப்பார். மச்சான் அதற்குப் பேர்போனவர். அதுவரை ஒன்பது மாட்டுக்கு எடுத்திருந்தார்.

அன்று முழங்கைவரை விட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

"இன்னும் கீழ எறங்கிக்கிச்சு. என் கை பருமன், போவல. மாப்ளே, உன் கைதான் முருங்கக்காயாட்டம் கீதே, உட்டுப் பாரு."

"கடிச்சிடுமே மச்சான்."

"சாக்பீசு புடிக்கிற கைய மாடு தின்னாதுய்யா. ஜல்தி உடு."

விட்டேன். வெதுவெதுப்பான கோழையைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை. கையை இழுக்கும்போது கடைவாய்ப் பல் வலது மணிக்கட்டுக்கு மேல் இரண்டு கீறல் போட்டது. மச்சானுக்கு நான்கு.

புதன்கிழமை பசு பின்னங்கால்கள் விழுந்து செத்தது. திண்டிவனத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் அதன் மூக்கருகே ஆறிப்போன ஒரு கடியைக் காட்டினார். ஆடி மாதம் ஒரு நாய் மந்தைக்குள் புகுந்து ஓடியது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

"வாயில கைய விட்டது யார் யாரு?" என்று கேட்டார். "ரெண்டு பேரும் நாளைக்கே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. வயித்துல பதினாலு ஊசி. வெறிநோய் மூளைக்கு ஏறிட்டா அப்புறம் மருந்தே கிடையாது."

அவர் போனதும் மச்சான் சிரித்தார். "நாயி கடிச்சா ஊசி. என்னை நாயா கடிச்சுது? மாடுகூடக் கடிக்கல, நானாத்தான் கைய உட்டேன். மல்லாட்டை புடுங்கற நேரத்துல திண்டிவனம் போய்க்கினு வந்துக்கினு இருந்தா, அறுப்பை ஆஸ்பத்திரிக்காரன் பார்ப்பானா?"

நான் போனேன். நாள்தோறும் ரயிலில் போய்த் திரும்பினேன். ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கும். குனிந்துதான் நடக்க முடியும். நிலையத்திலிருந்து வரும் வழியில் மச்சானுடைய களம்.

"எத்தினியாவது மாசம் மாப்ளே?" என்பார். செடியிலிருந்து மல்லாட்டைக் கடலை ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஒன்பதாவது ஊசியன்று என் கையைப் பிடித்து விரித்து, ஒரு பிடி அடுப்புச் சாம்பலைக் கொட்டினார். "மசக்கைக்கு நல்லாருக்கும், துன்னு." அன்று என் மனைவியும் களத்தில் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

பதினான்கையும் போட்டுக்கொண்டேன்.

ஐப்பசி ஆறாம் தேதி மச்சானுக்குக் கீறல் ஆறிய இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மறுநாள் கேப்பைக்கூழ் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து சொட்டும் சத்தத்துக்கே தொண்டை இழுத்து உடம்பு வில்லாக வளைந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உறவுக்காரர்கள் அவரைக் கொட்டகையில், பசுவைக் கட்டியிருந்த முளையிலேயே கட்டினார்கள்.

பிறகு பார்க்க வந்தார்கள். வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொம்பு தண்ணீர். அது குடிக்கக் கொடுக்க அல்ல, பயப்படுகிறாரா என்று தாங்களே பார்ப்பதற்கு. ஒருவர் பார்த்ததை அடுத்தவர் நம்பவில்லை. சொம்பை நீட்டுவார்கள், அவர் கயிறு அறுகத் துள்ளுவார், "ஆமாம்பா, அதேதான்" என்று வெளியே வருவார்கள். பதினொரு சொம்பு எண்ணினேன். பன்னிரண்டாவது சொம்பை என் மனைவி கொண்டுவந்தாள். அவள் ஒருத்திதான் குடிக்கக் கொண்டுவந்தவள். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கும் துள்ளினார்.

இழுப்பு விட்ட நேரத்தில் புத்தி தெளிவாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் வாசலோடு நின்றேன்.

"மாப்ளே, சட்டையத் தூக்கு."

தூக்கினேன். வயிற்றிலிருந்த வடுக்களை அங்கிருந்தே வாய்விட்டு எண்ணினார். பதின்மூன்றில் நின்றார்.

"ஒன்னு கொறையுதே."

அவர் குரலில் ஓர் ஆவல் இருந்தது. நான் பக்கவாட்டில் திரும்பி, இடுப்பருகே இருந்த பதினான்காவதைக் காட்டினேன்.

"கெட்டிக்காரன்யா நீ," என்று சொல்லி என் பக்கம் துப்பினார்.

எட்டவில்லை. ஆனாலும் கட்டியிருந்த வேட்டியை அன்றே எரித்துவிட்டேன். மறுநாள் மத்தியானம், நல்ல மழையில், அவர் போனார்.

இப்போதும் மழை பெய்தால் எழுந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொள்கிறேன். இறங்குகிறது. வலது கை அரித்தால் இரண்டு நாள் தூக்கமில்லை.

ரயிலுக்கு இரண்டு ரூபாய் பத்தணா. ஊசிக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் பிடித்தது பத்து ரூபாய் நாலணா. பசு முப்பத்தைந்து. வேட்டி ஒரு ரூபாய் இரண்டணா. சிரித்த தங்கையின் பங்காக, அண்ணன் கருமாதிக்கு நான் கொடுத்தது இருபத்துமூன்று ரூபாய் எட்டணா. ஆக எழுபத்திரண்டு ரூபாய் எட்டணா.