முந்திரி எண்ணெய் பூசிய போல்ட்டுகள்

எனக்கு எப்போதுமே அவசரம். எள் என்றால் எண்ணெயாக நிற்பேன். 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் வீட்டில் என்னைத் திருநெல்வேலியிலிருந்து நெய்வேலிக்கு ரயிலேற்றினார்கள் என்று நினைக்கிறேன். அறுபதுகளின் தொடக்கம் அது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷின்களைத் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டும் இடத்து ஸ்டோரில் நான் கான்ட்ராக்ட் ஸ்டோர்கீப்பர்.

அந்த மெஷினைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. மண்ணை அள்ளும் சக்கரம் மட்டுமே மாடி வீட்டு உயரம் இருக்கும்! ஷிப்ட் முடிந்தும் அறைக்குப் போகாமல் அதையே சுற்றிச் சுற்றி வருவேன்.

மெஷினின் நீண்ட கையைப் பூட்டுவதற்கான போல்ட்டுகள் என் பொறுப்பில் இருந்தன. உயர்வலு போல்ட்டுகள். சாதாரண போல்ட் துளையில் செருகிக்கொண்டு சும்மா நிற்கும். இது அப்படியில்லை, இரண்டு இரும்புத் தகடுகளை நெரித்துப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் முழுக் கையும் நிற்கிறது. பிடி தளர்ந்தால் போல்ட் இருந்தும் இல்லாத கதைதான். எங்கள் இன்ஜினீயர் கோயம்புத்தூர்க்காரர், முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க தம்பி, மழைக்காலம் முடியற வரைக்கும் இதுல பொட்டுத் துரு ஏறப்படாது. அப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னா உங்க பேரைப் பெர்மனன்ட்டுக்கு நானே எழுதறனுங்க."

பெர்மனன்ட்! அது வந்தால் குவார்ட்டர்ஸ் வரும். குவார்ட்டர்ஸ் வந்தால், கல்யாணமாகி எட்டு மாதமாகத் தன் அப்பா வீட்டிலேயே இருக்கும் என் மனைவி வருவாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளை நான் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன்.

ஐப்பசி முதல் மழைக்கு ஒரு பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த்தாள் கிழிந்திருந்தது. போல்ட்டின் திருகு மரையில் லேசாகச் செந்நிறத் துரு. துருவுக்கு எண்ணெய் கேட்டு எழுதிப்போட்டேன். சென்னையிலிருந்து வரும் வரும் என்றார்கள், மழைதான் வந்தது.

ஸ்டோரில் பெட்டி தூக்கிய பெண்களில் ஒருத்தி முத்தாண்டிக்குப்பத்துக்காரி. சின்ன வயசிலிருந்தே முந்திரிக்கொட்டை உடைத்தவள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"எங்க வூட்டு நிலைக்கு முந்திரி ஓட்டு எண்ணெ பூசுவோங்க. கரையானும் வராது, தண்ணியும் எறங்காது."

"இரும்புல பூசலாமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. மரத்துக்குப் பூசுவோம். இரும்பு உங்க வேலை."

அவள் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. மறுநாளே பண்ருட்டிக்கு பஸ் பிடித்து இரண்டு டின் வாங்கி வந்துவிட்டேன். கறுப்பாக, கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்தது.

"கையில தேங்கா எண்ணெ தடவிக்கினு தொடுங்கய்யா. இல்லன்னா தோலு உரிஞ்சிடும்" என்றாள். எனக்கு எங்கே பொறுமை? இருந்த துருவைத் துடைத்துவிட்டு வெறுங்கையாலேயே அத்தனை போல்ட்டிலும் பூசினேன். பத்து விரலும் வெந்து கொப்பளித்துவிட்டது. ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டேன். "ஐயா இப்ப துரை மாதிரி துன்றாரு" என்று பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

ஆனால் மழை கொட்டித் தீர்த்தும் ஒரு போல்ட்டிலும் துரு இல்லை! எல்லாம் கறுகறுவென்று பளபளத்தன. இன்ஜினீயர் என் தோளைத் தட்டி, என் பேரை எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். அன்றைக்கே மனைவிக்கு 'மூட்டை கட்டு' என்று கடிதம் போட்டேன்.

பொங்கல் கழிந்து கையைப் பூட்டினார்கள். போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒலிக்கும் ஸ்பேனர் ஒன்று உண்டு. ஒவ்வொரு 'டக்'குக்கும் என் மனசு துள்ளியது. கையைத் தூக்க இரண்டு நாள் இருக்கும்போது, என் போல்ட்டுகளைத் தடவிப் பார்க்கும் ஆசையில் ஒரு நட்டின்மேல் விரல் வைத்தேன். அதற்கு அடியிலிருந்த வாஷர் சுழன்றது. நன்றாக இறுகியிருந்தால் அது அசையவே கூடாது.

பக்கத்துப் போல்ட்டில் தள்ளினேன். அதுவும் சுழன்றது. எண்ணெய் மரைக்குள் பிசினாகக் காய்ந்து நட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரின் பலமெல்லாம் பிசினோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்து, தகடுகள் இறுகாமலே 'டக்' கேட்டிருக்கிறது.

யாருக்கும் தெரியாது. என் பேர் ஆபீசுக்குப் போய்விட்டது. மனைவி மூட்டை கட்டியிருப்பாள். ஒரு பீடி குடிக்கும் நேரம் அங்கேயே நின்றேன். பிறகு ஓடினேன், ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

இன்ஜினீயர் வந்து வாஷரைத் தள்ளிப் பார்த்தார். "இந்த எண்ணெயை யாருங்க பூசச் சொன்னது?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து முத்தாண்டிக்குப்பத்துக்காரியின் குரல் வந்தது. "நான்தாங்க சொன்னேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நீ மரத்துக்குல்லா சொன்ன! இரும்புல பூசுனது நான்!" என்று அவளிடமே கத்தினேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் காயிதத்தை நான் திருப்பி வாங்கறனுங்க தம்பி. நாளைக்கு நேரத்துல வந்துருங்க. அத்தனையும் கழட்டோணும்."

மனைவிக்கு 'மூட்டையைப் பிரி' என்று அடுத்த கடிதம் எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன்.

ஒருமுறை இறுக்கிய போல்ட் மறுபடி உதவாது என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டோம். பெட்டிகளில் மிச்சமிருந்தவற்றைக் கெரசினில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய மெஷின் எண்ணெய் தொட்டோம். விரலால் சுண்டினால் நட் கடைசிவரை ஓட வேண்டும், ஓடாதது வெளியே. இரண்டு வாரம் யார் அதிகம் தேய்ப்பது என்று எனக்கும் அந்தப் பெண்களுக்கும் போட்டி, தினமும் நான்தான் தோற்றேன். மறுபடி இறுக்கியபோது ஒவ்வொரு வாஷரையும் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

கை மேலே எழும்பிய காலையில் நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படி ஒரு சந்தோஷம்! நிற்க வேண்டிய உயரத்தில் போய் அது நின்றது. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் முத்தாண்டிக்குப்பத்துக்காரி தூக்குச்சட்டியோடு போய், கைக்கு நேர் கீழே விழுந்த நிழலில் உட்கார்ந்தாள்.

"வெயிலுக்கு நல்லா கீதுங்க. நீங்களும் வாங்கய்யா" என்று கூப்பிட்டாள்.

அண்ணாந்து ஒருமுறை பார்த்தேன். போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பொட்டலத்தைப் பிரித்தேன்.