வேலிப் பொட்டை அடைத்து நின்ற மோட்டார் சைக்கிள்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. சண்டைக்குப் பயந்து காங்கேசன்துறைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டு வந்து, உரும்பிராயில் ஒரு தோட்டக்காரரின் வளவில் குடியிருந்தோம். பெரிய வீடு என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் அறை, ஒரு குசினி, பக்கத்தில் அவர் முன்பு புகையிலை போட்டு வைத்த கொட்டில். அவ்வளவுதான். என் தையல் மெஷினை எப்படியோ கொண்டுவந்து சேர்த்திருந்தேன். அதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

என் கணவர் மோட்டார் மெக்கானிக். வீட்டை விட்டு ஓடும்போது ஆட்கள் நகையையும் காணி உறுதியையும் தூக்க, இவர் தன் ஸ்பானர் பெட்டியைத் தூக்கினார். ஆனால் வந்தபின் அதை ஒருநாளும் திறக்கவில்லை. கராஜ்காரர் இரண்டொருவர் வந்து கூப்பிட்டும் போகவில்லை. கேட்டால் 'ஓம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வளவைத் தாண்டி வெளியே போகாமல் இருந்தார். இந்த மனிசன் இப்படியே முடிந்துபோய்விடுவாரோ என்று நான் உள்ளூரப் பயந்து செத்தேன்.

வளவின் பின்வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையக்கூடிய ஓட்டை, இருந்தது. அதற்குள்ளால் அயலவரின் ஆடுகள் வராமல் இருக்க, தோட்டக்காரர் ஒரு பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக் கட்டியிருந்தார். சில்லு இல்லை, எண்ணெய்த் தாங்கி இல்லை. எஞ்சினைச் சுற்றிப் பாகல் படர்ந்து காய்த்தும் இருந்தது. ஒருநாள் பாகற்காய் பிடுங்கப் போன என் கணவர் திரும்பி வரக் காணோம். போய்ப் பார்த்தால், கொடியை விலக்கிவிட்டு எஞ்சினைத் தடவிக்கொண்டு குந்தியிருக்கிறார். கறிக்கு ஒரு காய்கூடப் பிடுங்கவில்லை.

நான் அன்றைக்கே தோட்டக்காரரிடம் போய் அந்த இரும்பைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உதை எடுத்தால் பொட்டை ஆர் அடைக்கிறது?"

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "நான் அடைச்சுத் தாறன்."

என் கணவர் தானாக வாய் திறந்ததைக் கேட்டு எனக்கு மேல் சிலிர்த்துப் போனது.

பொட்டு அடைபட்டது, சைக்கிள் எங்களுக்கு வந்தது. கொட்டில்தான் வேலைத்தலம். எங்கள் பக்கம் பற்றரி வர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. அந்தப் பழைய சைக்கிளுக்கோ பற்றரியே தேவையில்லை, மிதித்தால் தானாகவே பொறி தட்டும் என்று இவர் எனக்கு விளக்கினார். முன்சில்லு ஒரு கொம்பனி, தாங்கி வேறு கொம்பனி, கைபிடி எந்தக் கொம்பனி என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஊரில் கலப்புக் கலியாணம் என்றால்தான் சண்டை, இதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. எண்ணெய் கசியாமல் எஞ்சினுக்கு நடுவில் வைக்கிற காஸ்கெட்டைப் பழைய கலண்டர் மட்டையில் என் தையல் கத்தரிக்கோலால் வெட்டினார். கத்தரிக்கோல் மழுங்கிப் போனது. நான் கத்தினேன், ஆனால் மனதுக்குள் சந்தோஷம். பழைய பஸ் சீற்றின் ரெக்சினுக்குள் தும்பு அடைத்து ஆசனம் தைத்தது நான்தான்.

எல்லாம் முடிந்தது. இனிக் கிளப்ப வேண்டியதுதான். பெற்றோலுக்கும் தடை என்பதால் அப்போது வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் இலேசில் கிளம்பாது. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு மிதிக்க வேண்டும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அதற்காகவே ஆட்கள் கண்மருந்துப் போத்தலில் பெற்றோல் கொண்டு திரிவார்கள். இவரும் எங்கேயோ கெஞ்சி வாங்கி, ஒரு மண்ணிற மருந்துப் போத்தலில் ஊற்றிக் கொட்டில் கூரை வளையில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார்.

அன்று மூடியைத் திறந்தால் மணம் மட்டும்தான் இருந்தது. மூடி சரியாக இறுகவில்லை, பெற்றோல் முழுவதும் ஆவியாகிப் போயிருந்தது. வெறும் மண்ணெண்ணெயில் மிதி மிதியென்று மிதித்தார். வேடிக்கை பார்க்க வந்த அயல் ஒவ்வொருவராகக் கலைந்தது. இவர் ஸ்பானர்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். அந்தப் பெட்டி மூடப்பட்டால் இனித் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

மிதிக்கிற சத்தம் கேட்டு ஒழுங்கையால் போன ஒருவர் தன் சின்ன மோட்டார் சைக்கிளைப் படலையில் நிறுத்தியிருந்தார். முன்பின் தெரியாதவர். சாரம் கட்டிய பெரிய உருவம்.

"தம்பி, பெற்றோல் இல்லையோ?"

"பறந்திட்டுது அண்ணை."

அவர் சேர்ட் பையிலிருந்து கண்மருந்துப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உதைக் கிளப்ப இவ்வளவும் காணும்" என்று சொல்லி, முழுவதையும் பிழிந்துவிட்டார். இரண்டொரு மிதியில் எஞ்சின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுக்கப் புகை. கோழிகள் வேலி பாய்ந்தன. புகைக்குள் நின்று இவர் சிரித்தார். நான் அழுதேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர் புறப்பட்டார். அதற்குள் அவருடைய எஞ்சின் குளிர்ந்துவிட்டது, போத்தலில் ஒரு துளியும் இல்லை. "பறவாயில்லை, தள்ளிக்கொண்டு போறன், கிட்டத்தான்" என்றார். எவ்விடம் என்று விடாமல் கேட்ட பிறகுதான் சாவகச்சேரி என்று சொன்னார். பத்து மைலுக்கு மேல், கிட்டவாம்!

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிணத்துக் கயித்தைக் கழட்டிக்கொண்டு வா."

பிரேக் சரியாகப் பிடிக்குமோ என்று கேட்டேன். மெல்லப் போனால் பிரேக் எதற்கு என்றார். இரண்டு சைக்கிளையும் கயிற்றால் பிணைத்து, அந்த மனிதரை இழுத்துக்கொண்டு படலையைத் தாண்டினார். நான் வேண்டாத தெய்வமில்லை. தோட்டக்காரர் குளிக்க வந்து, கயிறில்லாத கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் கணவர் பொழுதுபடத் திரும்பி வந்தார். தோளில் கயிறு, பின்னால் கட்டியபடி ஒரு பலாப்பழம். வழியில் கைதடி வெட்டவெளியில் அடித்த காற்று, கிளச் செய்த கூத்து, அந்த அண்ணையின் வாசலில் நிற்கும் பலாமரம் என்று கதைத்தார், கதைத்தார், நித்திரை வரும் வரைக்கும் கதைத்தார். மறுநாள் காலை கராஜுக்கு வேலைக்குப் போனார்.

தொண்ணூற்றைந்தில், திரும்பவும் சண்டை வந்து, மழைக்குள் எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பிச் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். மோட்டார் சைக்கிளில் தையல் மெஷினையும் ஸ்பானர் பெட்டியையும் கட்டி, சனத்துக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனோம். சாவகச்சேரியில் எங்கே போவது என்று தெரியாமல் ஆட்கள் மரங்களுக்குக் கீழே நின்றார்கள். இவர் ஒருவரையும் கேட்காமல் ஒரு பலாமரத்து வாசலில் போய் நின்றார்.

படலையைத் திறந்தவர் நனைந்துபோய் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

"கயிறு கொண்டு வந்தனீங்களோ?"

ஏற்கெனவே நிறைந்து வழிந்த அந்த வீட்டில் எங்களுக்கும் ஒரு மூலை கிடைத்தது. இன்றைக்கும் கிணற்றுக் கயிற்றைப் பிடிக்கும்போதெல்லாம், தான் எப்படி வீடு போய்ச் சேருவது என்று யோசிக்காமல் கடைசித் துளியையும் பிழிந்து தந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன், அன்று அவர் கிளப்பிவிட்டது மோட்டார் சைக்கிளை மட்டும் அல்ல என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும்.