உபகாரமேரி எடுத்த செமினார்

உபகாரமேரிக்கு நாற்பத்தொரு வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சுரண்டுகிறாள். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பொம்மை உடம்பில் ஒரு கோடு விழும். சூளைக்குப் போகுமுன் அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பொம்மை. டிகிரி முடித்தால் ஆபீஸில் உட்கார வைப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஞாயிறு பூசை முடிந்த கையோடு தபால்வழி பி.ஏ. தமிழ் வகுப்புக்கு ஓடினாள்.

கடைசி வருஷம். ஆளுக்கொரு கவிதை, ஆளுக்கொரு செமினார். அதில் மார்க்கு வாங்காவிட்டால் பாஸ் கிடையாது. அந்த வகுப்பில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. செமினார் எடுப்பவரே மூன்று கேள்வியைச் சீட்டில் எழுதி, தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அவர்களும் அப்போதுதான் தோன்றியதுபோல எழுந்து கேட்பார்கள். இவர் நெற்றியைத் தேய்த்து யோசித்துவிட்டு ஒப்பிப்பார். டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய நாடகம்.

உபகாரமேரி யாருக்கும் சீட்டு கொடுக்கவில்லை. கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய குரல் அவளுக்கு. பொம்மை செய்கிறவனைப் பற்றிய கவிதையைக் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி வாசித்தாள்.

"களைத்ததில்லை கலைஞன் கை, காலமெல்லாம் படைக்கும் கை."

புத்தகத்தை மூடிவிட்டு, "கேள்வி கேளுங்க" என்றாள். சீட்டு வராததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சரி, நான் கேக்கறேன். கை களைக்காம வேலை செய்யறவங்க இங்க யாரு? கையத் தூக்குங்க."

தையல் கடையில் இருப்பவர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் என்று நிறைந்த வகுப்பு. ஒரு கையும் எழவில்லை. பெண்ணாடத்தில் கரும்பு வெட்டுக்குப் போகும் சண்முகப்ரியாதான் எழுந்தாள்.

"அப்ப கவிஞரு பொய் சொல்றாராக்கா?"

"பொய்யில்லம்மா. செய்யறவங்கள ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டாரு. நாலு மணிக்கு மேல எனக்கு வெரலு மடங்காது. அந்த வெரலு தொட்ட பொம்மையத்தான் அவரு பாத்திருப்பாரு."

வகுப்பு சூடு பிடித்துக்கொண்டது. கவிதை கலையைத்தான் சொல்கிறது, கூலி வேலையை அல்ல என்றார் ஒருவர். கூலி வாங்கினால் கலை ஓடிப்போய்விடுமா என்று இன்னொருத்தி எகிறினாள். பாடம் நடத்தும் தேவநாதன் சாருக்குப் பொறுக்கவில்லை.

"அது உயர்வு நவிற்சி அணிம்மா. நோட்ஸ்ல இருக்கறதச் சொல்லி முடிங்க."

"அணி தெரியுங்க சார். அது யார உயர்த்துதுன்னுதான் கேக்கறேன்."

"நோட்ஸ்படி முடிக்கலன்னா நீங்க செமினார் எடுத்ததாவே நான் எழுத மாட்டேன். ஆப்சென்ட்தான்."

ஆபீஸ் நாற்காலி அவள் கண்முன் வந்து போனது. நோட்ஸில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியம், சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் இத்தனை வருஷத்து வலியையும் தன் வாயாலேயே இல்லை என்றதாகிவிடும். நேராகச் சாரின் மேஜைக்கு நடந்தாள்.

"ஆப்சென்ட் போடாதீங்க சார். வேணும்னா முட்டை போடுங்க. நான் வந்திருக்கேன், எடுத்திருக்கேன்."

அவர் முட்டை போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த செமினார் சண்முகப்ரியாவுடையது. அவள் எழுந்து, மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருந்த சீட்டுகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, கவிதையை வாசிக்க ஆரம்பித்தாள்.