வேலுமணியும் நீனா வீட்டு வைக்கோல் பொம்மையும்

செய்வினையாம்! வேலுமணி கூடப்பிறந்த தங்கச்சிக்கே செய்வினை வைத்தாளாம்! ரஷ்யக்காரி வீட்டுக் கொல்லையில் சேலை சுற்றிய பொம்மையைக் கொளுத்தினாளாம், மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷனை விட்டுப் போய்விட்டாளாம். அதே தெருவில் இருக்கிற சாரதா இதை டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் இருக்கிற தமிழ் வீடு ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். பொம்மையைக் கொளுத்தியது நிஜம். சேலை வேலுமணியுடையது, அதுவும் நிஜம். மீதி என்னவென்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வேலுமணி காங்கேயத்துக்காரி. புருஷன் திருமூர்த்திக்கு டெலிபோன் கம்பெனியில் வேலை. அவள் டேகேரில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, டயப்பர் மாற்றி, தூங்க வைப்பாள். காரை எடுத்தால் டேகேருக்கும் மளிகைக்கும் போவாள். ஃப்ரீவே என்கிற பெருஞ்சாலைப் பக்கம் தலைவைக்கவே மாட்டாள்.

அந்த ரஷ்யக்காரி நீனா பக்கத்து வீடு. எழுபத்து நாலு வயது, தனிக்கட்டை. டெக்சாஸ் முழுக்க உறைந்துபோனதே ஒரு பிப்ரவரி, நினைவிருக்கிறதா? கரண்ட் போய், குழாய் வெடித்து, புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிற போர்வையையெல்லாம் சுற்றிக்கொண்டு நடுங்கிக் கிடந்தார்கள். ஊரில் யார் கதவைத் தட்டினார்கள்? சாரதாவா? நீனாதான் வந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை, கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வீட்டுக் கணப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். மூன்று நாள் விறகு போட்டாள். விறகு தீர்ந்ததும் ஒரு நாற்காலியை உடைத்துப் போட்டாள். அந்தச் சூட்டை வேலுமணியின் உடம்பு மறக்கவில்லை.

அதிலிருந்து வருஷா வருஷம் நீனாவின் பண்டிகைக்கு அவள்தான் கூடமாட ஒத்தாசை. குளிர்காலத்தை வழியனுப்புகிற பண்டிகை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு வருவதற்கு முன்னால் ஒரு வாரம் பாலும் வெண்ணெயுமாகத் தின்று தீர்ப்பார்கள். ப்ளினி என்று மெல்லிசாக ஓர் அப்பம், சூரியன் மாதிரி வட்டமாக ஊற்றுவார்கள். வேலுமணி தன் தோசைக்கல்லையே கொண்டுபோவாள். முதல் ப்ளினி ஒட்டிப் பிய்ந்து வரும். "எங்க ஊர்ல முதல் அப்பம் இப்படித்தான்" என்பாள் நீனா. "எங்க ஊர்லயும் முதல் தோசை கல்லுக்குத்தானுங்க" என்பாள் இவள், பாதி இங்கிலீஷும் பாதி கையுமாக. சிவராத்திரி வாரத்தில் முட்டை போட்ட மாவைத் தொட்டாள் என்று அதற்கும் ஒரு புகார். தொட்டாள். கையைக் கழுவினாள்.

பொம்மை வேறொன்றுமில்லை, குளிர்காலக் கிழவி. வைக்கோலைக் கட்டி, பழைய துணி சுற்றி (இந்த வருஷம் வேலுமணி கொடுத்த கிழிந்த சேலை), கடைசி ஞாயிறு எரித்துவிட்டால் குளிர் போயிற்று. நாம் போகிக்குப் பாயைக் கொளுத்துவது யாருக்கு வைக்கிற செய்வினை?

வேலுமணி தங்கச்சிக்குச் செய்தது ஒன்று உண்டு. அதை மறைத்தால் என் வாய் அழுகிவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் காங்கேயத்தில் அம்மா போனபோது இவள் முதலில் போய்ச் சேர்ந்தாள். சின்னவள் தாமரைச்செல்வி, ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருப்பவள், வழியில் விமானத்தைத் தவறவிட்டுப் போனில் அழுதாள். "அக்கா, நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கறேன். வெச்சிருங்கக்கா." ஐஸ் பெட்டி இருந்தது. மாமன்மார் காத்திருக்கத் தயார். "எடுத்துரலாம்" என்றாள் வேலுமணி. மறுநாள் வந்து சாம்பலைப் பார்த்து அழுதவளிடம், "உசுரோட இருக்கறப்பப் பாக்காத மூஞ்சிய இப்ப எதுக்குப் பாக்கோணும்?" என்றும் கேட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது. தப்பு தன்மேல் என்று வேலுமணிக்குத் தெரியும். ஆனாலும், "நான் பெரியவ. சின்னவதான் முதல்ல வரோணும்" என்று ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் பொம்மை எரிந்து அடங்கியதும், நீனா அவள் எதிரே வந்து நின்றாள். நெஞ்சில் கை வைத்து, இடுப்பு வரை குனிந்தாள்.

வேலுமணி பதறிப்போனாள். "ஐயோ, பெரியவங்க நீங்க! எனக்குப் பாவமுங்க, எந்திரிங்க!"

"இன்னைக்கு மன்னிப்பு ஞாயிறு. பெரியவ சின்னவ கிடையாது. நீ மிளகா வறுத்தப்ப நான் ஜன்னலை டமார்னு சாத்தினேன். உனக்குக் கேட்கணும்னுதான் சாத்தினேன். மன்னிச்சிடு."

"அது ஒண்ணுமில்லீங்க..."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லாதே. கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிச்சேன்னு சொல்லு. சீக்கிரம், முதுகு வலிக்குது."

சொன்னாள். நீனா நிமிர்ந்து, "இப்ப உன் முறை" என்றாள். வேலுமணி வாயைத் திறந்தாள். வந்தது, "தாமரை."

"யார் அது?"

"என் தங்கச்சி."

"அப்போ என்கிட்ட ஏன் சொல்றே?" என்றாள் நீனா.

நாளையிலிருந்து நோன்பு, வெண்ணெய் ஆகாது என்று மிச்சமிருந்த ப்ளினி அத்தனையையும் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

திங்கள் காலை வேலுமணி டேகேருக்கு லீவு சொன்னாள். திருமூர்த்தி பின்னாலேயே நடந்தார்.

"நாலு மணி நேரம் ஃப்ரீவே, வேலு. நான் டிரைவ் பண்றேன்."

"செஞ்சவ நானுங்க. குனியறதுக்கு ஆள் வெச்சு அனுப்ப முடியுமா?"

"போனாவது பண்ணிட்டுப் போ."

"பண்ணுனா வராதேன்னு சொல்லிப்போடுவா."

அவர் டயரில் காற்றுப் பார்த்தார், போனில் வழி போட்டுக் கொடுத்தார், பிளாஸ்கில் காபி ஊற்றினார். அந்த மனிதரை விட்டு இவள் ஓடிப்போனாளாம்! சாரதா கண்ட பெட்டியில் ஒரு மாற்றுச் சேலையும் அந்த ஐஸ்கிரீம் டப்பாவும் இருந்தன. வேலுமணி நீனா வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள்.

"எப்ப வருவே?" என்று கேட்டார் திருமூர்த்தி, கதவைப் பிடித்துக்கொண்டு.

"அவ மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் குனிஞ்சே நிப்பேனுங்க. அந்த எழுபத்து நாலு வயசு முதுகே தாங்குச்சு, எனக்கென்ன?" என்றாள் வேலுமணி. "போயிட்டு வர்றேனுங்க" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டினாள்.